அம்மா நின்ற தூண்

எங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணி ஜெயிக்க வேண்டும் என்பதற்காக அம்மா நாற்பத்தைந்து வருடம் கழிப்பறைக்குப் போனாள். கேட்டால் சிரிப்பு வரும். எங்களுக்கும் ரொம்ப நாள் வந்தது.

1978 நவம்பரில் ஆரம்பித்தது. பக்கத்து மாநிலக்காரர்களிடம் தோற்றுக்கொண்டிருந்தோம். அம்மா அவசரமாக எழுந்து கீழே கழிப்பறைக்குப் போனாள். அவள் படியிறங்கிய சற்று நேரத்தில் நம் பையன் ஒருவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எண்பது கஜம் ஓடிவிட்டான். ஜெயித்தோம். அடுத்த வாரமும் பின்தங்கியபோது அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆர்டித், உனக்கு வரலையா?"

அம்மா சிரித்துக்கொண்டே போனாள். மறுபடியும் ஜெயித்தோம். அவ்வளவுதான், அது சட்டமாகிவிட்டது. என் கல்யாணத்தையே ஆட்டம் இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து வைத்த குடும்பம் எங்களுடையது. வானிலை அறிக்கையையும் பாதிரியாரையும் நம்பாத அப்பா இதை நம்பினார்.

அணி நன்றாக ஆடிய காலத்தில் அம்மா வருடத்துக்கு இரண்டு தடவை போனால் அதிகம். பிறகு இருபது வருடமாக அணி உருப்படவில்லை. அம்மா பாதி ஆட்டத்துக்குக் கீழேயே இருந்தாள். நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை.

இந்த ஏப்ரலில் அம்மா போய்விட்டாள். இதயம். செப்டம்பரில் வழக்கம்போல ஆட்டங்களுக்கான நான்கு நுழைவுச்சீட்டுகள் வந்தன. எனக்கு ஐம்பத்தாறு வயது. வெள்ளிக்கிழமை இரவு சில்லி என்கிற பீன்ஸ் கறிக்குழம்பு சமைத்து, சனிக்கிழமை விடியும் முன் எண்பத்து மூன்று வயது அப்பாவை ஏற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டி, எழுபத்தொரு படி ஏற்றிவிட வேண்டும். அணி மேல் எனக்கு இன்னும் ஆசை இருக்கிறதா என்றே தெரியவில்லை. அலுப்பு மட்டும் நிச்சயமாக இருந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் பத்துக்குப் பதினேழு என்று பின்தங்கினோம். அப்பா பழக்கத்தில் இடப்பக்கம் திரும்பினார். அங்கே அம்மா பெஞ்சில் போட்டு உட்காரும் சிறு மெத்தை மட்டும்தான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"ரோண்டா, நீ போ."

"எனக்கு வரலப்பா."

"வரலன்னா என்ன? சும்மா போய் நில்லு. உங்கம்மா போகலையா?"

தன் காரில் தனியாக வந்திருந்த தம்பி டெரல் இளித்தான். "போக்கா. பரம்பரை உத்தியோகம்."

இன்று இறங்கினால் அப்பா இருக்கும்வரை இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் சண்டை போடத் தெம்பில்லை. இறங்கினேன்.

கீழே கான்கிரீட்டும் குளிர்காற்றும் பெண்கள் கழிப்பறை வரிசையும்தான். சூடான சாக்லேட் விற்கும் பெண் என்னை உற்றுப் பார்த்தாள்.

"அந்தத் தூணுக்குப் பின்னாடி நில்லுங்க, காத்தடிக்காது. ஆர்டித் அங்கதான் நிப்பாங்க. நீங்க மகதானே? மூக்கு அப்படியே இருக்கு."

"அம்மா இங்க என்ன பண்ணுவாங்க?"

"மேல சத்தம் கேட்டா, 'ஜெயிச்சிட்டோமா?'ன்னு என்னைக் கேப்பாங்க. எனக்கு மட்டும் என்ன தெரியும்? கடைசி ரெண்டு வருஷம் ரொம்ப மூச்சு வாங்குச்சு. மேல ஏறினா திரும்ப எறங்கச் சொல்வாங்களேன்னு இங்கயே நின்னுடுவாங்க."

எனக்குக் கோபம் வந்தது. அப்பா மேல், டெரல் மேல், என் மேல். எழுபத்தொரு படியும் ஒரே மூச்சில் ஏறினேன்.

"அப்பா, எந்திரிங்க."

"ஆட்டம் முடியலையே!" கடைசி விசிலுக்கு முன்னால் அவர் எழுந்ததே கிடையாது.

"அம்மா எங்க நின்னாங்கன்னு ஒரு தடவ பாத்திருக்கீங்களா?"

நான்கு நிமிடம் பாக்கி இருந்தது. அப்பா மைதானத்தைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார். பிறகு டெரலின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பக்கவாட்டில் ஒவ்வொரு படியாகக் காலை வைத்து என்னோடு இறங்கினார்.

தூணில் முதுகைச் சாய்த்து நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"இங்கேருந்து ஒண்ணுமே தெரியலையே."

"தெரியாது."

தலைக்கு மேல் பெரும் கூச்சல் எழுந்தது. படிக்கட்டின் பாதிவரை ஓடிவந்து டெரல் கத்தினான். "அப்பா! பதினேழுக்குப் பதினேழு! அங்கயே நில்லுங்க, மேல வந்துடாதீங்க!"

அப்பா தொப்பியைக் கழற்றினார்.

"அவ ஒரு தடவையாச்சும் முடியாதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. நானும் கேக்கல."

அவரைக் கைத்தாங்கலாக வாசலுக்கு அழைத்துப் போனேன். எங்களுக்குப் பின்னால் அரங்கம் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. காரைக் கிளப்பியதும் முடிவு கேட்க ரேடியோவைப் போடப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊர் வரும்வரை விடவில்லை.