கால் இறங்கிய இடம்

திருப்புளி தகட்டுக்குள் போனபோது சத்தமே வரவில்லை, நனைந்த அட்டையில் இறங்குவதுபோல் பிடிவரைக்கும் இறங்கிவிட்டது, உருவியதும் துருத்தூள் செம்மண்ணாக ஜெபசிங்கின் உள்ளங்கையில் கொட்டியது, வேனின் பின்பக்கத் தரையில் முழங்காலிட்டுக் குனிந்திருக்கிறான் அவன், இருபத்தாறு வருடமாகத் தூத்துக்குடி துறைமுகச் சாலையோரத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவன், உப்புக்காற்று தின்ற வண்டிகளை வெட்டி ஒட்டியே தலை நரைத்தவன், அவன் முதுகுக்குப் பின்னால் வாசலை மறைத்துக்கொண்டு நிற்கிறார் உப்பளத்து முதலாளி தவமணி அண்ணாச்சி, தரைதான் கொஞ்சம் போயிருக்கு, இஞ்சின் தங்கம்டா, அடுத்த வாரம் ஆர்.டி.ஓ.ல எஃப்.சி.க்குக் காட்டணும், வெட்டுறது ஒட்டுறதுன்னு இழுக்காத, பட்டி வச்சு மூடிப் பெயிண்ட் அடிச்சுக் குடு என்கிறார், பதினோரு வருடத்துக்கு முன்பும் இதே வேனின் அருகில் இதே சொற்களைத்தான் சொன்னார், சொன்னது அவருக்கு நினைவில்லை, ஜெபசிங்குக்கு அந்தச் சொற்களின் வரிசைகூட மறக்கவில்லை.

பக்கவாட்டுக் கதவை ஒட்டி, ஏறுகிறவர்கள் முதல் காலை வைக்கும் இடத்தில், யாரோ ஒரு தகட்டை நாலு போல்ட்டு போட்டு முடுக்கியிருந்தார்கள், அதன் விளிம்பைச் சுற்றித் துரு மறுபடியும் பரவிப் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கியிருந்தது, அந்தத் தகட்டைப் பார்த்ததும் அவன் கை நின்றுவிட்டது, அங்கேதான் அக்காவின் கால் இறங்கியது, யார் யார் ஏறப்போறாவ அண்ணாச்சி என்று கேட்டான், குரல் சாதாரணமாகத்தான் வந்தது, எல்லாம் அளத்துப் பொம்பளையதான், வேற யாரு, நாப்பது பேரு, ரெண்டு நடை என்றார் அவர், செல்போனைப் பார்த்தபடியே, நாப்பது பேர், அன்றைக்கும் அவன் அப்படித்தான் நினைத்தான், யாரோ நாற்பது பெண்கள், வேறு யார் வீட்டிலோ இருந்து வருகிறவர்கள், இற்றுப்போன தகட்டுக்குள் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டிப் பசையை வழித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கி, கறுப்புப் பெயிண்ட் அடித்து, ரப்பர் விரிப்பைப் போட்டு அனுப்பினான், அது தை மாதம், மாசியில் முள்ளக்காட்டிலிருந்த அத்தான் மாரடைப்பில் போனார், பங்குனியில் பாக்கியத்தாய் அக்கா யாரிடமும் சொல்லாமல் உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், சித்திரையில் ஒரு காலை நேரம், ஓடுகிற வண்டியில், உட்கார இடமில்லாமல் கதவருகில் நின்றிருந்தவளின் வலது கால் விரிப்போடு சேர்ந்து கீழே போனது, தார்ச்சாலை அதைப் பிடித்து இழுத்தது, டிரைவருக்குப் பின்னால் நடப்பது கேட்கவில்லை, பெண்கள் கத்திய பிறகும் வண்டி ஒரு பர்லாங் ஓடியது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், ஆஸ்பத்திரியிலிருந்து அவன் நேராக அந்த வேனைப் பார்க்கப் போனான், ஓட்டையின் வாயில் செய்தித்தாள் ஒட்டிக்கொண்டிருந்தது, அவன் திணித்த தாள், சினிமா விளம்பரம் போட்ட பக்கம், அதைப் பிய்த்து மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து கடலோரத்தில் எரித்தான், அக்காவைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்தான், பதினோரு வருடம் ஒரே அடுப்பில் சாப்பிட்டார்கள், அவன் வாயே திறக்கவில்லை, தவமணி அண்ணாச்சி ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, கணக்குப்பிள்ளை ஆரஞ்சுப்பழத்தோடு வந்து போனார், அந்தக் கோபத்தை ஜெபசிங் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான், தன்னுடைய பங்கையும் சேர்த்து அவர் தலையில் ஏற்றினான், ஒவ்வொரு நாளும் ஏற்றினான், இப்போது அவரே வண்டியைக் கொண்டுவந்து பட்டறைக்குள் நிறுத்தியிருக்கிறார், சரி அண்ணாச்சி, பட்டியே வச்சிருவோம் என்றான், அவர் போன பிறகு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது, வேனை நாலு மரக்கட்டைகளில் உயரமாக ஏற்றினான், அந்த நாலு போல்ட்டுகளையும் கழற்றினான், சுத்தியலால் தட்டத் தட்டத் துரு உதிர்ந்து ஓட்டை ஒரு குடத்தின் வாயளவுக்கு விரிந்தது, விளிம்புகளைக் கீழ்நோக்கி மடக்கிவிட்டான், பல் பல்லாக, பிறகு சாக்குத்துணியை இழுத்துக் கட்டி அதன்மேல் பட்டி, அதன்மேல் பெயிண்ட், அதன்மேல் ரப்பர் விரிப்பு, இப்படி ஒரு அழகான வேலையை அவன் செய்ததே இல்லை, போனில் கூப்பிட்டு, டிரைவர அனுப்பாதிய அண்ணாச்சி, நீங்களே வந்து ஒரு தடவ ஏறிப் பாத்துட்டாத்தான் எனக்குத் திருப்தி என்றான், மத்தியானம் வெள்ளைவேட்டியில் வந்தார், ஏறுவதற்கு முக்காலியை அவனே தூக்கிப் போட்டான், பளபளன்னு ஆக்கிட்டியே என்று சொல்லிக்கொண்டே அவர் வலது காலை எடுத்து வைத்தார்.

தொடைவரைக்கும் போனது, அடியில் கால் தரை தொடாமல் தொங்கியது, மேலே தூக்கப் பார்த்தார், இறங்கும்போது வழிவிட்ட தகடு ஏறும்போது கடித்தது, ஏலே, கையக் குடு, கையக் குடு என்கிறார், வேட்டியில் சிவப்பு ஊறுகிறது, ஜெபசிங் முக்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டான், குடுக்கேன், அதுக்கு முன்ன ஒரு பேரச் சொல்லுங்க, பதினோரு வருசத்துக்கு முன்ன இந்த எடத்துலதான் ஒரு பொம்பளைக்குக் கால் எறங்குச்சு, அவ பேரு என்ன, அவர் முதலில் மிரட்டினார், பிறகு கெஞ்சினார், அதெல்லாம் கணக்குப்பிள்ளதான்டா பாத்தாரு என்றார், பேரு என்றான் ஜெபசிங், செல்லக்கனியா, இல்ல, மாடத்தியா, இல்ல, ஒவ்வொரு தப்பான பெயருக்கும் அவர் காலை உருவப் பார்த்தார், ஒவ்வொரு முறையும் தகடு இன்னும் கொஞ்சம் உள்ளே போனது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு தெரியாமல் நிற்பதுபோல் வியர்த்து நின்றார், தெரியலப்பா, நீயே சொல்லிரு என்றார் கடைசியில், பாக்கியத்தாய், எங்க அக்கா, சொல்லுங்க என்றான், பாக்கியத்தாய் என்று சொன்னார், அந்த வாயிலிருந்து அந்தப் பெயரைக் கேட்பதற்காகவே இத்தனை வருடம் உயிரோடு இருந்ததாக அவனுக்குத் தோன்றிய அந்தக் கணத்தில், அவர் வலியோடு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார், மறந்திருந்த ஏதோ ஒன்று அவருக்குப் பிடிபட்டது, அன்னைக்குப் பட்டி வச்சது நீதானலே என்றார், நான் வைன்னு சொன்னேன், வச்சது உன் கைதான, இது ஒங்கக்காளுக்குத் தெரியுமா.

அவன் எழுந்து தகடு வெட்டும் கத்தரியை எடுத்து வந்தான், விளிம்பைத் துண்டு துண்டாக நறுக்கிக் காலை வெளியே எடுத்தான், தன் துண்டைக் கிழித்துக் கட்டினான், முழுத்தரையும் புதுத்தகடு போட்டாத்தான் இந்த வண்டி இங்கயிருந்து நகரும் என்று மட்டும் சொன்னான், அவர் தலையாட்டினார், ஆட்டோவில் ஏற்றி அனுப்பினான், பத்தொன்பது தையல், கேட்டவர்களிடம் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாராம், போலீசுக்குப் போனால் பழைய காலும் எழுந்து வரும் என்பது அவருக்குத் தெரியும்.

அக்கா வீட்டில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள், மரக்காலைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தாள், எதிரில் உட்கார்ந்து அவன் எல்லாவற்றையும் சொன்னான், இன்றைக்கு நடந்ததை முதலில், பிறகு அந்தத் தை மாதத்தை, செய்தித்தாளை, சினிமா விளம்பரத்தை, கடலோரத்தில் எரித்ததை, அவள் விரல்கள் நிற்கவில்லை, தலை, குடல், தலை, குடல், கிண்ணம் நிறைந்த பிறகுதான் கேட்டாள், அவனுக்குக் கால்ல தையலு, சரி, உனக்கு என்று, நெத்திலியை அவள் சமைக்கவில்லை, பூனைக்குப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பட்டறைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள், இத்தனை வருடத்தில் முதல் தடவை, அவன் நீட்டிய கையைத் தொடவில்லை, கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு, கதவுச் சட்டத்தைப் பிடித்துத் தன் உடம்பைத் தானே இழுத்து வேனுக்குள் ஏறி, அந்த ஓட்டையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், புதுத்தகட்ட வச்சு வெல்டு அடி, நான் பாக்கணும் என்றாள், அவன் தகட்டைப் பட்டை பட்டையாக அளந்து வெட்டி மேலிருந்து வைக்கப் போனான், மேல இருந்து இல்ல, கீழ படு என்றாள், டீசல் டேங்கைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தான், பொறி தடுக்கும் தோல் அங்கியை எடுக்கவில்லை, கறுப்புக் கண்ணாடி ஒன்றை மேலே நீட்டினான், அதைமட்டும் வாங்கி மாட்டிக்கொண்டாள், கேஸ் வெல்டிங்கைப் பற்றவைத்தான், உருகிய இரும்பு பொறி பொறியாகச் சொட்டியது, கழுத்தில், நெஞ்சில், தோள் மடிப்பில், பனியன் ஓட்டை ஓட்டையாகக் கருகியது, முனகலை அடக்கிக்கொண்டு ஒரு பட்டையை முடித்து அடுத்த பட்டைக்குப் போனான், நகர நகர மேலே வெளிச்சம் குறுகிக்கொண்டே வந்தது, கடைசியில் உள்ளங்கை அகலம்தான் மிச்சம், அதன் வழியாக அக்காவின் முகம் தெரிந்தது, அவள் குனிந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள், வலிக்குதாலே என்று கேட்டாள், வலிக்குக்கா என்றான், ம், அடி என்றாள்.