திரும்பிய சரக்கு

முதல் பெட்டியின் மூடியைத் தூக்கியதுமே மெஹ்னாஸுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மேல்வரிசைக் கானாங்கத்தை மீன் என்னவோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி பளபளவென்றுதான் இருந்தது. அதற்கு அடியில் இருந்ததைத் தொட்டால் விரல் உள்ளே போனது. வயிறு வெடித்து, செவுள் கறுத்து, ஐஸ் தண்ணீர் பழுப்பாகக் கொழகொழத்துக் கிடந்தது. ஐந்து பெட்டியும் அதே லட்சணம். கொடுங்கையூர்க் குப்பைமேட்டைக் கடக்கும்போதுகூட அவள் இப்படி மூக்கைப் பொத்தியதில்லை.

திருவொற்றியூரில் இருக்கும் அந்தச் சமையல்கூடத்திலிருந்துதான் எண்ணூர் வரைக்கும் தொழிற்சாலைகளுக்கு மதியச் சாப்பாடு போகிறது. வருகிற சரக்கைப் பார்த்து வாங்கிக் கணினியில் ஏற்றுவது மெஹ்னாஸின் வேலை. மூன்று வருஷமாக மீன் கொடுத்துவந்தவள் பக்கத்துக் குப்பத்துப் பவுனம்மாள். போன வாரம் அவளைக் கழற்றிவிட்டார்கள். கழற்றிவிட்டது மனுஷர் யாரும் இல்லை, முதலாளி புதிதாக வாங்கிப் போட்ட ஏஜென்ட். அந்த மென்பொருளே விலை கேட்கும், பழைய பதிவுகளைப் படிக்கும், மதிப்பெண் போடும், யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்து ஆர்டரும் அனுப்பிவிடும். அது பொறுக்கியெடுத்த ரத்தினம்தான் இந்த நீலவலை டிரேடர்ஸ். வண்டிக்காரன் சீல் வைத்த பெட்டிகளை இறக்கிவிட்டு, யாரும் திறப்பதற்குள் பறந்துவிட்டான்.

மேனேஜர் ரகுபதியிடம் போய்ச் சொன்னாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நீலவலைக்குத் தொண்ணூற்றெட்டு மார்க், பவுனம்மாளுக்கு முப்பத்தொன்று, சந்தேகம் இருந்தால் ஏஜென்டிடமே கேட்டுக்கொள் என்றார். அதோடு, மீனை எலுமிச்சையும் மஞ்சளும் போட்டு அலசி, மசாலாவைத் தூக்கலாக வைத்துப் பொரிக்கச் சொன்னார். தின்கிறவன் லோடு ஏற்றுகிறவன்தானே, அவனுக்கு என்ன தெரியப்போகிறது என்று ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பு மீனைவிட நாறியது.

அவள் கேட்டாள். ஏஜென்ட் மரியாதையாகத்தான் திரையில் பதில் சொன்னது. பவுனம்மாள் மீன் கொண்டுவந்தது இருநூற்றுப் பன்னிரண்டு முறை, அத்தனை முறையும் திரும்பிய சரக்கு உண்டு. நீலவலையிடம் வாங்கும் மற்றவர்களின் பதிவில் திரும்பிய சரக்கே இல்லை. கீழே சின்ன எழுத்தில், பதிவு செய்தவர் மெஹ்னாஸ் என்று இருந்தது.

பவுனம்மாளின் பழக்கம் அது. தராசில் வைக்குமுன் கூடையைக் கவிழ்த்து, ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். மனசுக்கு ஒப்பாத நாலைந்தை, யாரும் கேட்காமலே, ஓரம் தள்ளிவிடுவாள். நம்ம வூட்டு சட்டிக்கே ஆவாது என்பாள். காலையில் போனில் சொன்ன எடையும் தராசு எடையும் ஒத்துவர வேண்டுமே என்று, அந்த நாலைந்தை மெஹ்னாஸ் ‘திரும்பிய சரக்கு’ என்ற கட்டத்தில் போட்டுவந்தாள். வேறு கட்டம் இல்லை. திருப்பியது யார் என்று எழுதவும் இடமில்லை. மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அதை யோசித்ததில்லை. தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருந்தது.

எட்டு மணிக்குப் பவுனம்மாளே கையில் போனோடு வந்து நின்றாள். ஏஜென்ட் அவளுக்கும் ஒரு யோசனை அனுப்பியிருந்தது. மகள் மோகனப்ரியா படித்துக் காட்டினாளாம். அவளை மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். முப்பது நாள் எதையும் திரும்ப எடுக்காமல் கொடுத்தால் மதிப்பெண் ஏறும், ஆர்டர் நிலைக்கும். சம்மதமா என்று கேட்டிருந்தது.

“நாறிகினு கீதுன்னாலும் எடுக்காம வுட்டுடுன்னு சொல்லுது. இன்னா கண்ணு இது? என் மீனு எப்ப நாறுச்சு?”

“நான்தான்க்கா எழுதுனேன். நீ ஓரம் தள்ளுனதெல்லாம் நாங்க திருப்புனதா ஏறிப்போச்சு.”

பவுனம்மாள் கத்தவில்லை. முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, நீலவலையின் பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பழக்கம் விடவில்லை. ஒவ்வொன்றாகச் செவுளைத் தூக்கிப் பார்த்துக் குப்பை டிரம்மில் போட ஆரம்பித்தாள். மெஹ்னாஸும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரகுபதி வந்து பார்த்தபோது ஐந்து பெட்டியும் காலி. இனி யாரும் அலசி எடுத்துப் பொரிக்க முடியாதபடி, டிரம்மில் மெஹ்னாஸ் பினாயிலை ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் கூச்சல் போட்டார், வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன் என்றார், கடைசியில் முட்டைக் குழம்பு வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

“இப்ப எழுதிக்கோ, அவ்ளோவும் திரும்புன சரக்குன்னு,” என்றாள் பவுனம்மாள், கை கழுவிக்கொண்டே.

“நீ வருவியாக்கா?”

“எடுக்காம வுடணும்னா வர மாட்டேன். இந்தக் கலீஜ என் கையால துன்னக் குடுக்கச் சொல்றியா?”

போனை மெஹ்னாஸிடமே நீட்டி, முடியாது என்று அழுத்தச் சொன்னாள். மெஹ்னாஸ் அழுத்தினாள். பவுனம்மாள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மெஹ்னாஸ் அந்தக் கட்டத்தில் நீலவலையின் முழு எடையையும் போட்டாள். ஏஜென்ட் நன்றி சொன்னது. நீலவலைக்கு ஒரு மார்க் குறைந்து தொண்ணூற்றேழு. பவுனம்மாளின் பெயர் பட்டியலிலேயே இல்லை. வெள்ளிக்கிழமை மீனுக்கு ஆர்டர் நீலவலைக்கே போய்விட்டது.

அவள் தேவைப் பட்டியலைத் திறந்து, வெள்ளிக்கிழமைக்குப் பினாயில் பத்து லிட்டர் என்று போட்டாள். ஏஜென்ட் உடனே மூன்று பேரிடம் விலை கேட்கப் போனது.