செவ்வரத்தம் பூவில் இருந்த வண்டு

ஹம்சிகா எதையோ மென்று துப்பினாள். அக்காவின் மகள், மூன்று வயது. கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். சாமிக்கு வைக்க அக்கா களனிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த செவ்வரத்தம் பூ அவளுடைய கையில் கசங்கியிருந்தது. நிலத்தில், எச்சிலுக்குள், கறுப்பும் செம்மஞ்சளுமாய் ஒரு செட்டை, இரண்டு கால்கள். மீதி அவளுடைய வயிற்றில்.

"புள்ளி வண்டுதானே, தம்பி? பயமில்லைத்தானே?" ரூபிகா அக்கா கேட்டாள்.

நான் பம்பலப்பிட்டியில் பின்னேர வகுப்பில் பூச்சிகளை இனங்காணப் படிக்கிறேன். எந்த வண்டுக்கும் முதல் தடவையிலேயே சரியான பெயர் சொன்னதில்லை. நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைக்கக்கூடாது என்பது நன்றாகப் பதிந்திருந்தது. அந்த நிறத்தில் ஒன்றும் செய்யாத இலைவண்டும் உண்டு. பிள்ளையைக் கொல்லக்கூடிய கொப்புள வண்டும் உண்டு.

"ஆஸ்பத்திரிக்குப் போவம். த்ரீவீலுக்குச் சொல்லுங்கோ," என்றேன்.

அதற்குள் பக்கத்து வீட்டு மரியகொறற்றி அக்கா பாலைச் சுடவைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"பால் உள்ளுக்குப் போனா எந்த நஞ்சும் முறிஞ்சிடும். வாயைத் திற, செல்லம்."

கொப்புள வண்டின் நஞ்சு கொழுப்பில் கரையும், பால் கொடுத்தால் உடம்பில் வேகமாக ஏறும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்.

"குடுக்காதேங்கோ! கொஞ்சம் பொறுங்கோ."

"ஏன்?"

அதைச் சொல்ல எனக்கு வண்டின் பெயர் தெரிய வேண்டும். லென்ஸை எடுத்து ஒரு காலைப் பார்த்தேன். பாதத்தில் நான்கு கணுக்கள். இலைவண்டின் பாதத்திலும் பார்வைக்கு நான்குதான் தெரியும். திரும்ப எண்ணினேன். நான்கு.

"பிள்ளை நஞ்சு திண்டிட்டுது, இவர் வண்டுக்குக் கால் எண்ணுறார்! உங்கட தம்பிக்கு முதல்ல மருந்து குடுக்கோணும், ரூபி." கோப்பை ஹம்சிகாவின் உதட்டுக்குக் கிட்டப் போனது.

மற்றக் கால் எச்சிலில் ஒட்டி மடிந்திருந்தது. ஊசி நுனியால் நிமிர்த்தி எண்ணினேன். ஐந்து. கிழிந்த தோலையும் சேர்த்து எண்ணிவிட்டேனோ? இன்னொரு தடவை. ஐந்துதான். இலைவண்டுக்கு எல்லாக் காலிலும் ஒரே எண்ணிக்கை. கொப்புள வண்டுக்குத்தான் மற்றக் கால்களில் ஐந்து, பின்காலில் நான்கு.

கோப்பையைத் தட்டிவிட்டேன். பால் மரியகொறற்றி அக்காவின் சட்டையில் கொட்டியது.

"உனக்கென்ன விசரே?"

"கொப்புள வண்டு," என்றேன். அக்கா அதற்குமேல் நிற்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடினாள்.

அவசரப் பிரிவில், வண்டின் கால்களை வைத்து மடித்திருந்த பேப்பரை டொக்டர் வாங்கிப் பார்த்தார். "ஷுவர்த மல்லி?" நிச்சயமா தம்பி என்று சிங்களத்தில் கேட்டார்.

அவருடைய கையிலிருந்த பேப்பரை எட்டிப் பார்த்துத் திரும்ப எண்ணினேன். எண்ணியது பிழையாக இருக்கவேண்டும், மரியகொறற்றி அக்கா என்னை எங்கட வெள்ளவத்தை முழுக்கச் சொல்லிச் சிரிக்கவேண்டும் என்றே நினைத்தேன்.

"மாமா, எரியுது," என்றாள் ஹம்சிகா.

அவளுடைய கீழுதட்டோரத்தில் நீர் கோத்த சின்னக் கொப்புளம் ஒன்று எழும்பியிருந்தது. டொக்டர் அதன்பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேர்ஸைக் கூப்பிட்டு, கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.