பகல் தண்ணீர்

கோழி இறைச்சி ஆலையில் அபாய மணி அலறியது. தலைக்கு மேல் கொக்கிகளில் தொங்கி வந்துகொண்டிருந்த கோழிகள் குலுங்கி நின்றன.

லிஜோன் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். அவளுடைய கையுறை ஒரு கொக்கியில் மாட்டி இழுபட்டிருந்தது. பக்கத்தில் நின்று இறக்கை வெட்டும் ரோசினாதான் சிவப்புப் பொத்தானை அடித்திருந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு லிஜோன் விரல்களைத் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன.

சூப்பர்வைசர் வந்தான். "நின்னுக்கிட்டே தூங்குறியா? இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வீட்டுலயே படுத்துக்கலாம். இங்க வர வேண்டாம்."

கோழிகள் மறுபடி நகர ஆரம்பித்தன.

"ராத்திரியெல்லாம் என்னடி பண்றே?" என்றாள் ரோசினா, கத்தரியை நிறுத்தாமல். "பொண்ணுக்குக் கல்யாண வயசு வந்தாச்சு, ஆலிக் இன்னுமா உன்னைத் தூங்க விடல?"

லிஜோனுக்குச் சிரிப்பு வரவில்லை. "பாத்ரூமுக்கும் படுக்கைக்கும் நடந்துக்கிட்டிருக்கேன். குடிக்கிறேன், போறேன், மறுபடி நாக்கு வறளுது. எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

சர்க்கரை நோயில் அந்த அக்காவின் ஒரு பாதத்தை எடுத்துவிட்டது அவர்கள் தேவாலயத்தில் எல்லோருக்கும் தெரியும். பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளிலிருந்து அமெரிக்காவின் ஆர்கன்சாஸுக்குக் கோழி வெட்ட வந்த குடும்பங்களில் அந்த நோய்க்குப் பயப்படாத வீடு கிடையாது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் ஆலிக் மனைவியைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனான். ரத்தம் எடுத்தார்கள். காத்திருந்த நேரமெல்லாம் லிஜோன் குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அவர்கள் தீவுப் பெண்தான். உள்ளே வரும்போதே தலையை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"சர்க்கரை இல்லக்கா."

"நல்லாப் பாத்தியாம்மா?" என்றான் ஆலிக்.

"மறுபடியும் போட்டுப் பாத்துட்டேன். இல்லவே இல்ல." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?"

"சோறு, டின் இறைச்சி. பிள்ளைங்க மிச்சம் வச்ச நூடுல்ஸ் இருந்தா அதுவும்."

"குடிக்கிறதுக்கு?"

ஆலிக் முந்திக்கொண்டான். "ஒரு ஜாடி சிவப்பு ஜூஸ். அது தீர்ந்தா ஐஸ் போட்ட டீ. செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி ஜாடியைத் தூக்கிடுவா."

"பகல்ல?"

"வேலையில குடிக்கிறதில்ல" என்றாள் லிஜோன்.

ஏன் என்று நர்ஸ் கேட்கவில்லை. வாசலில் அடுத்த ஆள் நின்றுகொண்டிருந்தார். "நாள் முழுக்கக் காஞ்சு கிடந்துட்டு, ராத்திரி உப்பையும் தின்னு ஒரேயடியாக் குடிச்சா எப்படிக்கா தூங்க முடியும்? டீ வேற. பகல்ல தண்ணி குடிங்க. ராத்திரிக்குச் சோறும் மீனும் போதும்."

வெளியே வந்ததும் லிஜோன் காரில் சாய்ந்துகொண்டு அழுதாள். பிறகு சிரித்தாள். ஆலிக் அவள் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றான்.

சனிக்கிழமை வீட்டில் இருந்ததால் காலையிலிருந்தே தண்ணீர் குடித்தாள். சாயங்காலம் ஆலிக் உப்புக் குறைத்து மீன் வேகவைத்தான். மகள் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். படுத்ததுதான் லிஜோனுக்குத் தெரியும். கண் விழித்தபோது திரைச்சீலையில் வெயில் இருந்தது.

"மூக்குல கை வச்சுப் பாத்தேன்" என்றான் ஆலிக். "மூச்சு வந்துச்சு. சரின்னு விட்டுட்டேன்."

திங்கட்கிழமை உடை மாற்றும் அறையில் செய்தியைக் கேட்டதும் ரோசினா அவளைக் கட்டிக்கொண்டாள். லிஜோன் பையிலிருந்து பெரிய தண்ணீர் பாட்டிலை எடுத்து நின்றபடியே கடகடவென்று குடித்தாள்.

ரோசினா கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் அலமாரியைத் திறந்தாள்.

"சாப்பாட்டு மணி வரைக்கும் சூப்பர்வைசர் பாத்ரூமுக்கு விடமாட்டான்டி. பெரியவங்க கட்டுற டயபர் இருக்கு, நான் கட்டிட்டேன், நீயும் ஒண்ணு எடுத்துக்கோ."