பெருக்கம்பழச் சாறு

"என்ர பேர் சவிரிமுத்து ஜெகதீபன். வயது இருபத்தாறு. இப்ப பாரிஸில இருக்கிறன்."

தம்பியின் செய்தியை ஜெனிற்றா மயானத்தில் மைக் பிடித்து வாசிக்கத் தொடங்கியபோது அப்பாவின் பெட்டி குழிக்குள் இறங்கியிருந்தது. ஆட்கள் கயிறுகளை உருவிக்கொண்டிருந்தார்கள். அவள் கையிலிருந்த போன் மரண உதவிச் சங்கத் தலைவர் பஸ்தியாம்பிள்ளையுடையது. காலையில் அதைக் கொண்டுவந்து காட்டியவரும் அவர்தான்.

"பிள்ளை, தம்பி இரங்கலுரை அனுப்பியிருக்கிறான். பேர், வயசு எல்லாம் போட்டு ஒழுங்கா. மயானத்தில நீயே வாசி."

வெளிநாட்டுப் பிள்ளைகளின் உரைகளை மயானத்தில் வாசிப்பதுதான் பள்ளிமுனையில் வழக்கம். ஜெனிற்றா முதல் வரியைப் பார்த்தாள். அதற்கு மேல் பார்க்க அவளால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாய்ந்து படுத்த அப்பா எழும்பவில்லை. வைத்தியர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போன கையோடுதான் தம்பி போன் எடுத்தான்.

"அக்கா, அப்பா எங்க?"

"நித்திரை."

"நெஞ்சு நோகுதெண்டு சொன்னவரெல்லே. வேலைப் பெடியள் வெளியில சாப்பிடக் கூப்பிடுறாங்கள். எனக்கு மனமில்லை. வரேல்லை எண்டு சொல்லட்டே?"

அப்பாவின் காலடியில் இருந்த அம்மா அகஸ்ரினா தலையை ஆட்டினாள். "அவன் சாப்பிட்டு முடிக்கட்டும். வெறும் வயித்தோட கேக்கப்படாது," என்றாள் மெல்ல. பசியோடு இருப்பவர்களுக்குச் சாவுச் செய்தி சொல்வதில்லை. அந்த வீட்டில் அது எப்போதும் அப்படித்தான்.

"போ. போய் வடிவாச் சாப்பிடு," என்றாள் ஜெனிற்றா. "அப்பாவுக்குச் சுகம்."

அவன் போனான். பின்னேரம் அவனுடைய ஸ்ரேற்றஸில் ஒரு படம் வந்தது. செனகல்காரர்களின் சாப்பாட்டுக் கடை. பெரிய தட்டொன்றில் சிவப்பாகக் குறுணிச் சோறு, முழு மீன், மரவள்ளிக்கிழங்கு, கத்தரிக்காய். நாலைந்து கறுத்த கைகளோடு தம்பியின் கையும் அதே தட்டில். பக்கத்தில் ஒரு கிளாஸில் வெள்ளையாக ஏதோ. வாய் நிறையச் சிரிப்பு. கீழே எழுதியிருந்தான்: அப்பா, இது பெருக்கம்பழச் சாறு. மீன்சோறும் எங்கட கைப்பக்குவம் மாதிரித்தான்.

அதற்குள் அப்பாவின் மரண அறிவித்தல் ஊர் முழுக்கப் போய்விட்டிருந்தது. அப்பாவின் படத்தையும் தம்பியின் படத்தையும் சனம் மாறி மாறிப் பார்த்தது.

"தேப்பன் அறைக்குள்ள கிடக்கிறார். மகன் ஆபிரிக்காக் கடையில இருந்து இளிக்கிறான்," என்றாள் கிணற்றடியில் கோப்பை கழுவிய ஒருத்தி.

"பெருக்கம்பழம் தின்னவே பாரிசுக்குப் போனவன்? இஞ்ச மரத்தடியில கொட்டிக் கிடந்து, கழுதையும் மணந்து பாத்திட்டுப் போற பழம்," என்றாள் மற்றவள்.

அம்மாவின் விரலில் செபமாலை நகர்ந்தது. ஜெனிற்றா கழுவிய கோப்பைகளைத் துடைத்து அடுக்கினாள்.

அண்ணன் றொசாந்தனுக்கு அது தாங்கவில்லை. ஜெனிற்றாவிடமும் அம்மாவிடமும் இருந்த போன்களை வாங்கி, தன்னுடையதையும் சேர்த்து அலுமாரிக்குள் வைத்தான்.

"வீடியோவில வந்து சனத்துக்கு முன்னால அழுது நடிக்க வேண்டாம். ஒருத்தரும் அவன்ர கோல் எடுக்கப்படாது."

நான்தான் போகச் சொன்னனான். ஜெனிற்றா சொல்வதற்கு அவ்வளவுதான் இருந்தது. அண்ணன் அலுமாரியைப் பூட்டித் திறப்பை உருவும்வரை அவள் வாசலில் நின்றாள்.

"தேத்தண்ணி கொண்டாறன் அண்ணா," என்றாள்.

இன்று வீட்டில் பெட்டியை மூடுமுன் பஸ்தியாம்பிள்ளை சுற்றிப் பார்த்துக் கேட்டார். "வேற ஆரும் முகம் பாக்க இருக்கினமோ?"

அறைக்குள் அலுமாரிப் பலகை அதிர்ந்துகொண்டிருந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"ஒருத்தரும் இல்லை," என்றான் றொசாந்தன். "மூடுங்கோ."

மயானத்தில் காற்று மைக்கில் இரைந்தது. ஜெனிற்றா வாசித்தாள்.

"இந்த நம்பர் மரண அறிவித்தல்ல இருந்து எடுத்தனான், ஆற்ற எண்டு தெரியாது, அதுதான் பேர் ஊர் சொல்லுறன். வீட்டில ஒருத்தரும் போன் எடுக்கினமில்லை. வாயால சொல்லித்தான் அடிக்கிறன், பிழையெண்டா குறை நினையாதேங்கோ. என்ர அகதிக் கேஸ் முடியேல்லை, வர ஏலாது."

பஸ்தியாம்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். இது உரை மாதிரி இல்லை.

"நான் சாப்பிடப் போனது என்ர பிழைதான். அப்பாவுக்கு ஏலாது எண்டு தெரிஞ்சும் போனனான். சனம் கதைக்குது எண்டு கேள்விப்பட்டன். அக்காவையும் அம்மாவையும் ஒண்டும் சொல்லாதேங்கோ, அவையளுக்கு ஒண்டும் தெரியாது."

அவள் அந்த வரியில் நின்று, போனை மற்றக் கைக்கு மாற்றினாள். றொசாந்தன் அவளையே பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். அம்மா மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தச் சாறு நல்லாப் புளிச்சுது. அப்பாவுக்குப் பிடிச்சிருக்கும்."

இன்னும் ஒரு வரி இருந்தது. வாய்க்கு முன்னே அவளுடைய கண் அதை வாசித்துவிட்டது. குழியைச் சுற்றி நின்றவர்கள் அள்ளிய மண்ணைக் கைக்குள் பொத்தியபடி காத்திருந்தார்கள்.

"வாசி," என்றான் றொசாந்தன்.

அவள் வாசித்தாள்.

"இதைப் பாக்கிறது ஆரெண்டாலும், பெட்டி மூட முதல் இந்த நம்பருக்கு வீடியோ கோல் எடுத்து அப்பான்ர முகத்தை எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ."