தடவக் கூடாத பதினைந்து நாள்

மகன் புகார்க் கடிதத்தை எழுதி முடித்துக் கையெழுத்துக்காக அம்மாவிடம் நீட்டியபோது, அவள் இறந்துகிடந்த கணவரின் பாதங்களில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். இனிமேல் எண்ணெய் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடமாகக் காலையும் மாலையும் செய்த வேலை, கை தானாகச் செய்தது.

அவருக்கு உடம்பு முழுக்கச் சிவந்து, தோல் தவிடாக உதிர்ந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டிய மனிதர், கடைசியில் சட்டை போடுவதற்கே அழுதார். தோல் டாக்டர் இரண்டு தடவை முதுகில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டு தடவையும் வெறும் கரப்பான் படை என்று வந்தது. மூன்றாவது தடவைதான் புற்றுநோய் என்று வந்தது. அது முந்தாநாள். அதற்குள் தோல் வெடிப்பு வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. இன்று விடியற்காலையில் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார்; உடம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

கடிதத்தில் மகன் அந்த டாக்டரைக் கிழி கிழியென்று கிழித்திருந்தான். ஆனால் சதை எடுப்பதற்கு முன் பதினைந்து நாள் அரிப்புக் களிம்பு தடவக் கூடாது, தடவினால் நோய் சோதனையில் தெரியாமல் பதுங்கிக்கொள்ளும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். முதல் இரண்டு தடவையும் மூன்றாம் நாளே அவள் தடவிவிட்டாள். அரிப்புத் தாங்காமல் மனிதர் சுவரில் முதுகைத் தேய்த்தால், பார்த்துக்கொண்டு எந்தப் பாவி சும்மா இருப்பாள்? டாக்டர் கேட்டபோது இல்லவே இல்லை என்று சாதித்தாள். மூன்றாவது தடவை கணவர் ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருந்தார், அவள் கை எட்டவில்லை.

துக்கம் கேட்க வந்த டாக்டரம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மகன் காகிதத்தோடு விருட்டென்று எழுந்தான். இப்போது விட்டால் ஜென்மத்துக்கும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"அவங்க மேல தப்பில்லப்பா. களிம்பு நான்தான் தடவினேன். ரெண்டு தடவையும்."

பெற்ற பிள்ளையின் முகம் அப்படி அந்நியமாகி அவள் கண்டதில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அன்னைக்குத்தான் நல்லாத் தூங்கினாரு."

டாக்டர் யாரையும் சமாதானப்படுத்தவில்லை. தடவாமல் இருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும் என்றும் சொல்ல முடியாது, தெரிந்திருக்காது என்றும் சொல்ல முடியாது என்றார். அவ்வளவுதான்.

"டாக்டரம்மா, கடைசியா எடுத்த எடத்துல தையல் அப்படியே இருக்கு. இன்னைக்குப் பிரிக்கணும்னு சீட்டுல எழுதியிருக்கு. அதோட அவர அனுப்ப மனசு வரல" என்றாள் அவள்.

டாக்டர் உடம்பின் அருகே மண்டியிட்டார். பிறகு பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார். முதுகு தெரிய உடம்பைத் திருப்ப வேண்டும். அவள் ஒருத்தியால் ஆகாது. ஆனாலும் அவள் யாரையும் கூப்பிடவில்லை.

மகன் கடிதத்தை நாற்காலியில் போட்டுவிட்டு வந்தான். அப்பாவின் தோளுக்கடியில் கை கொடுத்து, தோல் உரிந்துவிடாமல் மெல்ல அம்மாவின் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டான்.