மூன்று ஜன்னல் சீட்

தேவிபிரியா காலை எட்டு மணிக்கே திருச்சுழிக்குப் பக்கத்திலிருந்த அந்தக் காட்டுக்கு வந்துவிட்டாள். அவள் எடுத்துவரும் ஆவணப்படத்தின் முக்கியமான நாள் அது. மாரீஸ்வரி, இருளாண்டி, தங்கலட்சுமி மூவரும் நினைவு தெரிந்து முதல் முறையாக பஸ் ஏறப்போகிறார்கள்.

பதினேழு வருடத்துக்கு முன் அவர்களுடைய அம்மா ரோட்டில் லாரி மோதி இறந்துபோனாள். அப்பா மூன்று பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்து, கருவேலங்காட்டு நடுவில் குடிசை போட்டு, சுற்றிலும் முள்வேலி அடைத்தார். பள்ளிக்கூடம் இல்லை, சொந்தபந்தம் இல்லை. "வேலியத் தாண்டுனா செத்துருவீக" என்று சொல்லியே வளர்த்தார். போன சித்திரையில் அவர் நெஞ்சுவலியில் சாய்ந்த அன்றுதான், உதவி கேட்டு மூவரும் வெளியே ஓடிவந்தார்கள். அப்பா பிழைக்கவில்லை. கடைக்குட்டி தங்கலட்சுமிக்கு அப்போது பதினேழு வயது.

பத்து மணி பஸ்ஸில் கேமராவை எங்கே வைப்பது என்றுகூட தேவிபிரியா கண்டக்டரிடம் பேசி வைத்திருந்தாள். வந்து பார்த்தால் வேலியின் படல் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை.

பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சோலைச்சாமி சிரித்தார். "அதுக மூணும் ஏழரை பஸ்ஸுல அருப்புக்கோட்டைக்குப் போயிருச்சுகளே! கையக் காட்டி நிப்பாட்டிச்சுக!"

"தனியாவா? ரோட்டத் தாண்டக்கூடத் தெரியாதேய்யா!"

கேமராமேன் கணேஷ்குமார் பைக்கை முறுக்கினான். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டீக்கடை, பூக்கடை, மதுரை பஸ் நிற்கும் இடம் என்று இருவரும் ஓடி ஓடித் தேடினார்கள். கடைசியில் டைம் கீப்பர் சொன்னார்: "மூணு பேரா? அவுக எறங்கவே இல்லம்மா. அதே வண்டியில திரும்பிப் போறோம்னு உக்காந்துட்டாக. அந்தா, கெளம்பிருச்சு பாருங்க!"

ஓடினாள். நகரத் தொடங்கிய பஸ்ஸின் படியில் தொற்றி ஏறினாள்.

"அக்கா!"

மூன்று இடத்திலிருந்து மூன்று குரல். ஆளுக்கொரு ஜன்னலைப் பிடித்திருந்தார்கள். தலைமுடியெல்லாம் காற்றில் கலைந்து, வாயெல்லாம் பல்.

"ஏன் சொல்லாம வந்தீங்க? பயந்தே போயிட்டேன்!"

மாரீஸ்வரி கொஞ்சம் தயங்கினாள். "நீங்க கேமரா வச்சா நாங்க அதத்தேன் பாப்போம்க்கா. இன்னிக்கி வெளிய பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

தேவிபிரியாவின் கை தோள்பையிலிருந்த கேமராவைத் தொட்டது. பிறகு பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு, மாரீஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்தாள். திருச்சுழி வரும்வரை அவளும் வெளியேதான் பார்த்தாள்.

அதனால் படத்தில் பஸ் பயணம் இல்லை. அன்று மாலை மூவரும் அதைப் பற்றிப் போட்டி போட்டுப் பேசும் பதினோரு நிமிடம்தான் இருக்கிறது. ஒரு வெட்டும் இல்லாமல் அப்படியே விட்டிருக்கிறாள்.

"பக்கத்துல ஒரு அம்மா தூங்கி எந்தோள்ல சாஞ்சிருச்சு" என்கிறாள் மாரீஸ்வரி. "யாரு எவருன்னே தெரியாது. எந்தோள்லக்கா! அருப்புக்கோட்டை வரைக்கும் நான் அசையவே இல்ல."

"நீ நகரு, நான் சொல்றேன்" என்று இருளாண்டி குறுக்கே வருகிறான். "டிரைவரண்ணே என்னைய ஹாரன் அடிக்கச் சொன்னாரு!"